டீசல் சுத்தம், ஃபில்டர், 18/16/13: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மண் தோண்டும் எஸ்கவேட்டர், கரண்ட் தரும் ஜென்செட், லாரி என்று டீசலில் ஓடும் எல்லாவற்றையும் பழுது பார்ப்பது என் வேலை. சைட்டிலிருந்து போன் பண்ணும் தம்பிகளும், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்த்தால் பிடித்துக்கொள்ளும் ஆபரேட்டர்களும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் பாதி சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு வேலை வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணே, டீசல் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. அதுல அப்படி என்ன அழுக்கு இருக்கப் போகுது?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நல்ல கண்ணுக்குக்கூட 40 மைக்ரானுக்குக் கீழே இருப்பது தெரியாது. ஆனால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்டருக்குள் ஒன்றோடொன்று உரசி நகரும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான்.

அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுள்ள தூசு கண்ணுக்குப் படவே படாது. சைட்டில் கான்கிரீட் அறுக்கும்போது பறக்கும் தூசியில் இருக்கும் சிலிக்கா, இன்ஜெக்டரின் இரும்பைவிடக் கடினமானது. ஆகவே டீசல் தெளிவாக இருக்கிறது என்றால், அதில் தண்ணீர் கலங்கலும் பெரிய குப்பையும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

முன்னெல்லாம் பழைய லாரிக்கு எந்த டீசல் ஊத்தினாலும் ஓடிச்சே. இப்ப மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

பழைய இன்ஜின்களில் இன்ஜெக்டர் சில நூறு பார் அழுத்தத்தில் திறக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் இப்போதைய ‘காமன் ரயில்’ இன்ஜின்களில் அழுத்தம் 1,600 பாரிலிருந்து 2,500 பார் வரை போகிறது. அவ்வளவு அழுத்தத்தில் டீசலோடு ஒரு சின்னத் துகள் பாய்ந்தாலும் அது மணல் பீய்ச்சி இரும்பைச் செதுக்குவது மாதிரிதான். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அங்கே கசிவு ஆரம்பிக்கும். அப்புறம் கரும்புகை, ஸ்டார்ட் ஆகத் தாமதம், சக்தி குறைவு என்று ஒவ்வொன்றாக வரும்.

பழைய வண்டிக்கும் கெடுதல் நடந்துகொண்டுதான் இருந்தது. இடைவெளி அதிகம் என்பதால் தாங்கியது, பழுதும் மெதுவாக வந்தது.

ஊர்ல டிராக்டருக்கு வேட்டித்துணி வச்சு வடிகட்டி ஊத்துவோம். இங்கயும் அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். துணியின் இழைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டைகள் பல பத்து மைக்ரான்கள் இருக்கும். இலை, பூச்சி, பெயின்ட் செதில் நிற்கும். இன்ஜெக்டரைத் தின்னும் தூசு அப்படியே இறங்கிவிடும். போதாக்குறைக்குத் துணியிலிருந்து நூல் பிசிறும் சேர்ந்து உள்ளே போகும். ஊற்றும் வாயைத் துடைக்கக்கூடப் பிசிறு விடாத துணிதான் வேண்டும்.

லேப் ரிப்போர்ட்ல 18/16/13ன்னு தேதி மாதிரி ஒண்ணு போட்டிருக்காங்க. அது என்னண்ணே?

அது ஐஎஸ்ஓ 4406 என்ற சர்வதேசத் தரமுறையின் எண். ஒரு மில்லிலிட்டர் டீசலில் எத்தனை துகள் என்று எண்ணி, அதைச் சுருக்கி எழுதும் முறை. முதல் எண், 4 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை. இரண்டாவது, 6 மைக்ரானும் அதற்கு மேலும். மூன்றாவது, 14 மைக்ரானும் அதற்கு மேலும்.

எண்ணில் இருப்பது துகள் எண்ணிக்கை இல்லை, படி. 18 என்றால் 1,300க்கு மேல் 2,500 வரை. 16 என்றால் 320க்கு மேல் 640 வரை. 13 என்றால் 40க்கு மேல் 80 வரை. ஒரு படி ஏறினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரிப்போர்ட்டில் 18க்குப் பதில் 22 என்று வந்தால் ‘நாலுதானே கூட’ என்று தோன்றும். இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று பெருக்கிப் பாருங்கள், பதினாறு மடங்கு அழுக்கு.

பழைய ரிப்போர்ட்களில் இரண்டே எண்கள் இருக்கும். 5, 15 மைக்ரான் அளவில் எண்ணிய காலத்தது அது. 1999இல்தான் மூன்று எண் முறை வந்தது.

அப்போ 18/16/13 வந்துட்டா டீசல் சுத்தம்னு நிம்மதியா இருக்கலாமா?

வண்டியின் டேங்குக்குள் ஊற்றுவதற்கு அது நல்ல அளவு. இன்ஜின் தயாரிப்பாளர்கள் பலர் கேட்பதும், வாகனத் தயாரிப்பாளர் சங்கங்கள் சேர்ந்து வெளியிடும் வேர்ல்ட்வைட் ஃப்யூவல் சார்ட்டர் சொல்வதும் இதே எண்தான். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 2,500 துகள் என்றால், 100 லிட்டர் டேங்கில் 25 கோடி துகள். ‘சுத்தமான’ டீசலிலேயே இவ்வளவு!

இன்ஜெக்டர் வாசலில் இதைவிட மிகச் சுத்தமாக வேண்டும். 12/9/6 போன்ற எண்களை அங்கே சொல்வார்கள். 18இலிருந்து 12க்கு ஆறு படி, அதாவது 64 மடங்கு குறைய வேண்டும். அந்த வேலையை வண்டியிலேயே இருக்கும் ஃபில்டர்கள் செய்யும். நீங்கள் 22இல் ஊற்றினால் அதே ஃபில்டர் பத்துப் படி, அதாவது ஆயிரம் மடங்கு குறைக்க வேண்டும். அவ்வளவு அழுக்கைத் தாங்க அந்த ஃபில்டரைச் செய்யவில்லை. அதனால்தான் டீசலை வண்டிக்குள் போவதற்கு முன்பே சுத்தம் செய்யச் சொல்லி நான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

இன்னொன்று. இந்த மூன்று எண்ணும் துகளுக்கு மட்டும். தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லாது. ரிப்போர்ட்டில் தண்ணீருக்குத் தனி வரி இருக்கும், அதையும் பாருங்கள்.

சிங்கப்பூர்ல அரசாங்கமே டீசலுக்குத் தரம் வச்சிருக்குல்ல? அப்புறம் நாம ஏன் கவலைப்படணும்?

தேசிய சுற்றுப்புற வாரியம் வைத்திருப்பது முக்கியமாகக் காற்று மாசுக்கான தரம். கந்தகம் 2005 டிசம்பரில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஆனது, 2013 ஜூலையிலிருந்து 10 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். புகைக்கு அது மிக நல்லது. ஆனால் கந்தகம் குறைவு என்பதும் தூசு குறைவு என்பதும் வேறு வேறு.

ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் மொத்த அழுக்கு ஒரு கிலோவுக்கு 24 மில்லிகிராம், தண்ணீர் 200 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. அங்கேயும் அழுக்கை எடைபோட்டுத்தான் பார்க்கிறார்கள், துகளை எண்ணுவதில்லை. ஒரு பெரிய துகளும் ஆயிரம் சின்னத் துகளும் ஒரே எடை இருக்கலாம், இன்ஜெக்டருக்கு அந்த ஆயிரம்தான் எமன்.

அப்புறம், எந்தத் தரமும் டீசல் கைமாறும் இடம் வரைக்கும்தான் பேசும். அங்கிருந்து டேங்கர், சைட் டேங்க், ட்ரம், கை பம்ப், புனல் என்று ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு படி ஏறும். என் அனுபவத்தில் பெரும்பாலான அழுக்கு சைட்டுக்கு வந்த பிறகு சேர்ந்ததுதான்.

போட்டுல வேலை பாக்குற நண்பன், அங்க மீட்டர் வச்சு அளந்து கொடுக்கிறதால டீசல் சுத்தமா இருக்கும்கிறான். சரியா?

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல் எரிபொருளைத் தருவதற்கு ஓடும் எரிபொருளின் எடையை அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம். கனரக எண்ணெய்க்கு 2017 ஜனவரியிலிருந்தும், டீசல் வகைகளுக்கு 2019 ஜூலையிலிருந்தும். அது அளவில் ஏமாற்றம் நடக்காமல் இருக்க வந்த ஏற்பாடு. எத்தனை டன் என்று சொல்லும், எவ்வளவு தூசு என்று சொல்லாது.

ரெண்டு ஃபில்டர்லயும் 10 மைக்ரான்னு போட்டிருக்கு. ஒண்ணு மட்டும் விலை மூணு மடங்கு. ஏமாத்துறாங்களா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெட்டியில் ‘நாமினல்’ என்று எழுதியிருந்தால் கவனம். அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பொருள் கிடையாது. பத்து மைக்ரான் துகளில் பாதியைப் பிடித்தாலும் 10 மைக்ரான் நாமினல் என்று போட்டுக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது பீட்டா எண். ஃபில்டருக்கு முன்னால் இருந்த துகளை, பின்னால் வந்த துகளால் வகுத்தால் கிடைப்பது அது. 10 மைக்ரானில் பீட்டா 2 என்றால் ஆயிரம் துகளில் 500 தாண்டிப் போகும். பீட்டா 75 என்றால் சுமார் 13. பீட்டா 1000 என்றால் ஒன்றே ஒன்று. மூன்றின் பெட்டியிலும் 10 மைக்ரான் என்றே இருக்கும். விலை வித்தியாசம் அங்கேதான். பீட்டா எண்ணைக் கேட்டு, விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் நான் வாங்குவதில்லை.

பீட்டா என்பது லேபில் சீரான ஓட்டத்தில் அளந்தது என்பதையும் மனதில் வையுங்கள். எஸ்கவேட்டர் குலுங்கும், ஓட்டம் கூடிக் குறையும், நின்று நின்று ஸ்டார்ட் ஆகும். அப்போது பிடித்துவைத்த தூசில் கொஞ்சம் நழுவும். ஆகவே விளிம்பில் வாங்காமல் கொஞ்சம் கூடுதல் தரத்தில் வாங்குங்கள்.

டேங்க் மூடியேதானே இருக்கு, தண்ணி எங்கிருந்துண்ணே வருது?

காற்றிலிருந்து. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 சதவீதம். விடியும் முன் 90ஐத் தாண்டும். டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்தை வெளிக்காற்றுதான் நிரப்பும். பகலில் வெயிலில் இரும்பு டேங்க் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், மழை பெய்து குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் மேல்சுவரில் வியர்த்துச் சொட்டும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். தினமும் கொஞ்சம்தான், ஆனால் தினமும்.

இதற்கு என்ன செய்யலாம்? வேலை முடிந்ததும் மாலையில் டேங்கை நிரப்பிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. சைட் டேங்கின் மூச்சுக்குழாயில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பிரீதர் மாட்டலாம், மணிகள் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். அடிவால்வைத் திறந்து காலையில் முதல் வேலையாகத் தண்ணீர் வடிக்க வேண்டும், இரவெல்லாம் அசையாமல் இருந்திருக்கும் என்பதால் அப்போதுதான் நன்றாக இறங்கியிருக்கும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இந்த ஊரில் மழைநீர்க் கால்வாய்களில் பல குடிநீர்த் தேக்கத்துக்குப் போகின்றன. ட்ரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு எண்ணெய்க்காரரிடம் கொடுங்கள்.

வாட்டர் செபரேட்டர்தான் இருக்கே, அது பாத்துக்காதா?

வாட்டர் செபரேட்டர் என்பது டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் பாகம். துளியாகப் பிரிந்து வரும் தண்ணீரை அது பார்த்துக்கொள்ளும். டீசலில் தண்ணீர் மூன்று விதமாக இருக்கும். கரைந்தது, துளியாகத் தனியே நிற்பது, மோர் மாதிரி கலங்கிக் கிடப்பது. கரைந்ததை செபரேட்டரால் பிரிக்க முடியாது. கலங்கியது பம்ப்பில் அடிபட்டு மிக நுண்ணிய துளிகளாக உடைந்திருக்கும், பாதி தப்பிவிடும். சோப்புத் தன்மையுள்ள பொருளோ பயோடீசலோ கலந்திருந்தால் துளிகள் ஒன்றுசேர மறுக்கும், இன்னும் மோசம்.

செபரேட்டரின் அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் உடனே வடித்துவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால் கிண்ணம் நிரம்பி மேலே ஏறும். அப்புறம் செபரேட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டேங்க் அடியில கருப்பா, வழவழன்னு பாசி மாதிரி இருக்கு. டீசல்ல பாசி வளருமா?

பாசி இல்லை, பூஞ்சையும் பாக்டீரியாவும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர் போனது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் குடியிருந்து, தண்ணீரில் வாழ்ந்து டீசலைத் தின்னும். அது விடும் அமிலம் டேங்கை அரிக்கும். நம் ஊர்ச் சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

தண்ணீர் இல்லாவிட்டால் அது வளர முடியாது, அதனால் மேலே சொன்ன வடிப்பதுதான் முதல் மருந்து. வந்துவிட்டால் கிருமிக்கொல்லியைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் ஊற்ற வேண்டும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். செத்த பூஞ்சை முழுவதும் ஃபில்டருக்குத்தான் வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கையில் மூன்று நான்கு ஃபில்டர் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

புது ஃபில்டர்ல டீசலை ரொப்பி மாட்டினா காத்து எடுக்குறது சுலபம். எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க?

எல்லோரும் செய்கிறார்கள், எனக்கு இதில்தான் ஆற்றாமை அதிகம். ஃபில்டரின் நடு ஓட்டை என்பது பெரும்பாலும் சுத்தம் செய்த டீசல் வெளியேறும் பக்கம். அதில் வாளியிலிருந்து டீசலை ஊற்றினால், அந்தத் தூசு எந்தத் தடையும் இல்லாமல் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் ஃபில்டரே இருக்கிறது!

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஒரு ஜென்செட்டில் சர்வீஸ் முடித்த ஒரே வாரத்தில் இரண்டு இன்ஜெக்டர் போனது. ஊற்றிய வாளியின் அடியை விரலால் தடவிப் பார்த்தேன், நறநற என்றது. அன்றோடு விட்டேன்.

காலியாகவே மாட்டுங்கள். கை ப்ரைமரை, அதாவது கையால் டீசல் ஏற்றும் சின்னப் பம்ப்பை, அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். கை வலிக்கும், பத்து நிமிஷம் ஆகும், பரவாயில்லை.

அப்படின்னா ஃபில்டரை அடிக்கடி மாத்திட்டா சேஃப்தானே?

இல்லை. கொஞ்சம் ஓடிய ஃபில்டர் புதியதைவிட நன்றாகப் பிடிக்கும். ஏனென்றால் பிடித்த தூசே மேலே படிந்து ஓட்டைகளைச் சின்னதாக்குகிறது. அதோடு ஒவ்வொரு முறை கழற்றும்போதும் வெளித்தூசு உள்ளே போக வாய்ப்பு. சர்வீஸ் புத்தகத்தில் சொன்னபடி இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் கணக்கிட்டு மாற்றுங்கள், அழுத்தம் காட்டும் மீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள்.

சொன்ன மணிக்கு முன்பே ஃபில்டர் அடைக்கிறது என்றால் ஃபில்டரைத் திட்டாதீர்கள். டேங்கைத் திறந்து பாருங்கள்.

சைட்ல ட்ரம்லதான் டீசல் வருது. வெளியிலதான் வைக்கணும், இடம் இல்ல. என்ன பண்றது?

நிமிர்த்தி வைத்த ட்ரம்மின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, இறுக்கிய மூடியின் மரை வழியாகவே அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று நம்ப முடியாது. கூரை இல்லையென்றால் படுக்கவைத்து, இரண்டு மூடியும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடத்தில் வரும்படி திருப்பி வையுங்கள். மூடிக்கு உள்பக்கம் டீசல் நின்றால் காற்றும் தண்ணீரும் நுழையாது. எவ்வளவு வைக்கலாம் என்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் உண்டு, பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள்.

எடுக்கும்போது பம்ப்பின் குழாய் ட்ரம்மின் அடியைத் தொடக் கூடாது. புது டீசலை இறக்கியதும் அப்போதே எடுக்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 14 மைக்ரான் தூசு அடியில் இறங்கச் சில மணி நேரமாவது வேண்டும், 4 மைக்ரான் தூசுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். டேங்கிலும் இதே கணக்குத்தான். துத்தநாகம் பூசிய வாளி, செம்புக் குழாய் இரண்டும் வேண்டாம், அந்த உலோகங்கள் டீசலைக் கெடுக்கும்.

கட்டடத்து ஜென்செட் டேங்க்ல டீசல் ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு. டெஸ்ட் ரன் மட்டும்தான். பரவாயில்லையா?

எனக்குப் பயம் தருவது இந்த டேங்குகள்தான். கரண்ட் போகிற அன்றைக்குத்தான் அது தேவை, அன்றைக்குத்தான் ஃபில்டர் அடைக்கும். சாதாரணமாக வைத்த டீசல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நம்பலாம். அதற்குப் பிறகு காற்றோடு சேர்ந்து பிசின் உண்டாக ஆரம்பிக்கும்.

டேங்கின் அடியிலிருந்து எடுத்து ஃபில்டர் வழியாக மேலே திருப்பி விடும் சுற்று ஓட்டம் வைக்கலாம். ஒரு தடவை சுற்றினால் போதாது, சுத்தமானது அழுக்கோடு கலந்துகொண்டே இருக்கும். டேங்கின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு ஓட்டினால்தான் பழைய தூசில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே வரும். ஆனால் பிசின் கட்டிய டீசலை இது புதிதாக்காது.

ஒரே டேங்க்ல ரெண்டு சாம்பிள் எடுத்தேன், ரெண்டுக்கும் வேற வேற நம்பர் வருது. லேப் தப்பா?

முதலில் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். கழுவிய மினரல் வாட்டர் பாட்டிலில் எடுத்தால் டீசலை அல்ல, பாட்டிலைத்தான் டெஸ்ட் பண்ணுகிறீர்கள். லேப் தரும் சுத்தமான பாட்டிலை, நிரப்பும் நொடியில்தான் திறக்க வேண்டும். வால்வின் வாயைத் துடைத்து, சில லிட்டர் ஓடவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் பாட்டிலைக் காட்ட வேண்டும். வால்வை அசைத்தாலே உள்ளிருக்கும் துகள் உதிரும். மேலே எடுத்ததும் அடியில் எடுத்ததும் நிச்சயம் வேறுபடும், எங்கே எடுத்தது என்று பாட்டிலில் எழுதுங்கள்.

தானியங்கி எண்ணும் கருவிக்குத் தண்ணீர்த் துளியும் காற்றுக் குமிழியும்கூடத் துகள்தான். எண் திடீரென்று எகிறியிருந்தால் தண்ணீர் வரியைப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் தூசைத் தேடி அலைய வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. ரிப்போர்ட் 17/15/12ன்னு நல்லா வருது, தண்ணியும் இல்ல. ஆனா ஃபில்டர் மட்டும் கருப்பா அடைச்சுக்குது. எப்படிண்ணே?

எனக்கும் இது தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்திருக்கிறது. காமன் ரயிலில் எரியாத டீசல் சூடாகித் திரும்ப டேங்குக்கே வரும். அந்தச் சூட்டிலும் காற்றிலும் கருப்பான மெழுகுப் பதத்தில் ஒரு பொருள் உண்டாகும். அது மிக நுண்ணியது. 4 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் எண்ணில் வராது, ஆனால் ஃபில்டர் தாளில் ஒட்டி ஒட்டி அடைக்கும். பூஞ்சைப் படலத்திலும் இதே கதை, சுவரில் ஒட்டியிருக்கும்போது சாம்பிளில் வராது, பிய்ந்து வரும் நாளில் மொத்தமாக வரும்.

அடைத்த ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். விரலில் நறநற என்றால் தூசு. வழவழவென்று நாற்றம் அடித்தால் பூஞ்சை. தார் மாதிரி சீராகக் கருத்து, விரலில் மையாக ஒட்டினால் கெட்டுப்போன டீசல். அந்தத் தாளில் ஒரு துண்டை வெட்டிச் சின்ன டப்பாவில் போட்டு, அடுத்த சாம்பிளோடு சேர்த்து லேபுக்கு அனுப்புங்கள்.